எட்வர்ட்ஸ் பீடபூமியின் வெள்ளைவால் மான்கள்: தனியார் நிலத்தில் வேட்டையால் மந்தையைக் கட்டுக்குள் வைத்தல்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின், சான் அன்டோனியோ நகரங்களுக்கு மேற்கே எட்வர்ட்ஸ் பீடபூமி இருக்கிறது. மேலே ஒரு சாண் மண், அடியில் சுண்ணாம்புக்கல். ஓக் மரங்களும் ஜூனிபர் புதர்களும் விட்டுவிட்டு நிற்கும் இந்த மேட்டு நிலத்தை உள்ளூரில் ‘ஹில் கன்ட்ரி’ என்பார்கள். நாட்டிலேயே வெள்ளைவால் மான்கள் மிக நெருக்கமாக வாழும் வட்டாரங்களில் இதுவும் ஒன்று. லானோ ஆற்றை ஒட்டிய சில இடங்களில் 4, 5 ஏக்கருக்கு ஒரு மான் இருக்கும். அந்த மண்ணும் செடியும் தாங்குவதோ 8 முதல் 12 ஏக்கருக்கு ஒன்றுதான். மிகுதியாக உள்ள மந்தையைக் குறைக்க, இவ்வளவு பெரிய பரப்பில் வேட்டையைத் தவிர வேறெதுவும் கைகொடுத்ததில்லை.

இந்தியாவில் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். டெக்சாஸில் நிலைமை வேறு என்பதால் சட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும். அங்கே ஏறத்தாழ 95 சதவீத நிலம் தனியாருடையது. ஆனால் அதில் மேயும் காட்டு மான் நிலக்காரருடையது அல்ல, மாநில மக்களின் பொதுச்சொத்து. வேலிக்குள் யார் நுழையலாம் என்று தீர்மானிப்பது மட்டுமே நிலக்காரரின் உரிமை. அந்த அனுமதியைத்தான் அவர் வேட்டைக்காரர்களுக்குப் பருவக் குத்தகையாக விடுகிறார். எத்தனை சுடலாம், எப்போது சுடலாம் என்பதை டெக்சாஸ் பூங்கா வனவிலங்குத் துறை நிர்ணயிக்கிறது. சுட்ட மானின் இறைச்சியை உண்ணலாம், தானமாகக் கொடுக்கலாம், விற்க முடியாது. இந்த மூன்று விதிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அங்கே மான் மேலாண்மை ஏன் குத்தகைக்காரரின் மனநிலையைச் சுற்றியே சுழல்கிறது என்பது புரியும்.

மிகுதி வந்த வழி

மான்கள் தாமாகப் பெருகிவிடவில்லை. ஆட்டுப் பண்ணையாளர்கள் ஓநாயை ஒழித்தார்கள், ஓநாயைவிடச் சிறிய காட்டு நாயான கயோட்டியைக் குறைத்தார்கள். காட்டுத்தீயை அணைக்கத் தொடங்கியதும், மானுக்கு மறைவு தரும் ஆஷ் ஜூனிபர் பரவியது. இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒரு ஈ. ஸ்க்ரூவோர்ம் எனப்படும் அந்த ஈ ஆறாத புண்ணில் முட்டையிடும். புழு உயிருள்ள சதையையே தின்னும். புதிதாகப் பிறந்த மான்குட்டியின் தொப்புள் அதற்கு வாய்ப்பான இடம். ஆண்டுதோறும் குட்டிகளில் பெரும்பங்கை அது கொன்றுகொண்டிருந்தது. 1962-இல் டெக்சாஸில் மலடாக்கிய ஈக்களை விமானத்திலிருந்து கொட்டும் திட்டம் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே ஈ அடங்கியது. மாடு வளர்ப்பவர்களுக்கு அது வரம். மான் மந்தைக்கோ இருந்த ஒரே கடிவாளமும் அறுந்தது.

அதே சமயம், ஆண்மானை மட்டும் சுடுவதே கண்ணியம் என்ற பழக்கம் வேட்டைக்காரர்களிடம் ஊறியிருந்தது. மான் அருகிப்போயிருந்த காலத்தில் அது சரியான விதி. மிகுந்துவிட்ட காலத்தில் அதுவே கேடு. ஒரு ஆண்மான் பல பெண்மான்களோடு சேரும். ஆகவே ஆண்களை எவ்வளவு சுட்டாலும் அடுத்த ஜூனில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை குறையாது. மந்தையின் அளவைப் பெண்மான்களின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. இந்த ஒன்றை ஏற்றுக்கொள்ளாத நிலக்காரர் வேறு எதைச் செய்தாலும் பயன் இராது.

கெர் நிலத்தில் கண்டது

ஹன்ட் என்ற சிற்றூருக்கு அருகே சுமார் 6,500 ஏக்கரில் கெர் வனவிலங்கு மேலாண்மைப் பகுதி இருக்கிறது. மாநில அரசு 1950-இல் இதை வாங்கியது. சுற்றியுள்ள தனியார் நிலக்காரர்களுக்கு எது பலிக்கும், எது பலிக்காது என்று செய்துகாட்டுவதே இதன் வேலை. ஆடு, மாடு, மான் ஆகியவற்றை வெவ்வேறு விதமாகச் சேர்த்தும் பிரித்தும் 96 ஏக்கர் அடைப்புகளில் மேயவிட்டுப் பார்த்தார்கள்.

அங்கே நடந்த ஒரு சோதனை தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஒன்றைத் தொடுகிறது. 1971-இல் ஒரு 96 ஏக்கர் அடைப்பில் 6 வெள்ளைவால் மான்களையும், ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட 6 சிகா மான்களையும் விட்டார்கள். அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் சிகா 62 ஆகப் பெருகியது. வெள்ளைவால் மான் ஒன்றுகூட மிஞ்சவில்லை. யாரும் யாரையும் முட்டித் துரத்தவில்லை, காரணம் வயிறு. வெள்ளைவால் மானின் இரைப்பை சிறியது, முற்றிய புல்லை அதனால் செரிக்க முடியாது. தழையும் பூண்டும் ஓக் கொட்டையுமே அதன் உணவு. சிகா அதே தழையைத் தின்று தீர்த்துவிட்டுப் புல்லுக்கு மாறிக்கொண்டது. நம் முதுமலையிலும் கிண்டியிலும் மேயும் புள்ளிமானும் இதே ரகம். 1930-களில் டெக்சாஸுக்குக் கொண்டுபோகப்பட்ட புள்ளிமான் இன்று வேலி தாண்டித் தானாகவே பெருகித் திரிகிறது. அதற்கு அங்கே வேட்டைப் பருவமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. மந்தைத் திட்டம் போடும்போது நிலத்தில் புள்ளிமான் இருந்தால் முதலில் சுட வேண்டியது அதைத்தான். அதை விட்டுவிட்டு வெள்ளைவால் மானைக் குறைத்தால் மிச்சமாகும் தழை புள்ளிமானுக்கே போய்ச் சேரும்.

கெர் அடைப்புகளில் இன்னொரு ஆய்வில், ஒரே வயது ஆண்மான்களில் சிலவற்றுக்கு 16 சதவீதப் புரதத் தீவனமும் மற்றவற்றுக்கு 8 சதவீதத் தீவனமும் கொடுத்து வளர்த்தார்கள். குறைந்த புரதத்தில் வளர்ந்தவை உடலிலும் கொம்பிலும் பின்தங்கின. மிகுதியான மந்தை என்பது அத்தனை மானையும் 8 சதவீதத் தட்டில் உட்காரவைப்பதுதான். பெரிய கொம்பு வேண்டும் என்று கேட்கும் குத்தகைக்காரரிடம், பெண்மானைச் சுடச் சொல்வதற்கு இதைவிட நேரான வாதம் கிடையாது.

செடியிடம் கேட்பது

எத்தனை மான் இருக்கலாம் என்பதற்கான விடை செடியில் இருக்கிறது. மான் விரும்பித் தின்னும் செடிகளை மூன்று தரமாகப் பிரிப்பது வழக்கம். கிட்னிவுட், கரோலினா பக்தார்ன், டெக்சாஸ் ஓக், மல்பெரி ஆகியவை முதல் தரம். லைவ் ஓக், ஹேக்பெரி, கிரீன்பிரையர் போன்றவை நடுத்தரம். ஜூனிபர், பெர்சிமன், அகரீட்டா ஆகியவை வேறு வழியில்லாதபோது தின்பவை. முதல் தரச் செடி மான் எட்டும் உயரத்தில் கண்ணிலேயே படவில்லை, நடுத்தரச் செடி குச்சியாக நிற்கிறது, ஜூனிபர் நுனியும் கடிபட்டிருக்கிறது என்றால் எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே முடிவு தெரிந்துவிடும். நாலரை அடி உயரத்துக்குக் கீழே கத்தரித்தாற்போல் இலையே இல்லாத கோடு ஒன்று மரங்களில் ஓடும். அதுவும் அதே செய்திதான்.

கடிபட்ட அளவை மதிப்பிடக் குளிர்கால முடிவில் நடுத்தரச் செடிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் அந்த ஆண்டு விட்ட நுனிகளைப் பார்த்து, கடிபட்டவை எத்தனை, முழுதாக உள்ளவை எத்தனை என்று எழுத வேண்டும். ஆண்டு வளர்ச்சியில் பாதிக்கு மேல் போயிருந்தால் செடி தேயத் தொடங்கிவிட்டது என்று பொருள். முதல் தரச் செடியை வைத்து மதிப்பிட்டால் மந்தை சிறிதாக இருந்தாலும் கடி மிகுதியாகத் தெரியும். ஜூனிபரை வைத்தால் நிலைமை முற்றிப்போன பிறகுதான் தெரியும். நடுத்தரத்தைத் தேர்வது அதனால்தான்.

கூடவே சில கூண்டுகள் போட வேண்டும். கான்கிரீட்டுக்குப் போடும் கம்பி வலை, 5 அடி உயரம், 13 அடி நீளம். வளைத்துக் கட்டினால் சுமார் 4 அடி விட்டம் வரும். இரண்டு இரும்பு முளை அடித்து நிறுத்திவிடலாம். இவ்வளவு குறுகிய இடத்துக்குள் மான் குதிக்காது. இரண்டாம் மழைக்குப் பிறகு உள்ளே உள்ள செடியையும் வெளியே உள்ளதையும் ஒப்பிட்டால் போதும். எண்களை நம்பாத குத்தகைக்காரர்கூட, கூண்டுக்குள் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் ஓக் கன்றுகளையும் வெளியே வெறும் சரளையையும் பார்த்தால் மறுப்பதில்லை.

எண்ணுவது

ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் இரவு விளக்குக் கணக்கெடுப்பு நடக்கும். அதற்குள் குட்டிகள் தாயோடு வெளியே நடமாடும், ஆண்மானின் கொம்பு அடையாளம் தெரியும். சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்க வேண்டும். திறந்த வண்டியில் ஓட்டுநர் ஒருவர், பின்னால் ஆளுக்கொரு பக்கமாக விளக்கோடு இருவர். வேகம் மணிக்கு 8 மைல் அளவில். வண்டியில் துப்பாக்கி இருக்கக் கூடாது. வேட்டைக் காவலருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லியிருக்க வேண்டும்; இரவில் விளக்கடித்து மான் சுடுவது குற்றம் என்பதால், சொல்லாமல் போனால் வீண் சிக்கல்.

பாதையில் ஒவ்வொரு பத்தில் ஒரு மைலுக்கும் நின்று, இரு பக்கமும் செங்குத்தாக எத்தனை கெஜம் வரை மானைப் பார்க்க முடியும் என்று குறிக்க வேண்டும். 250 கெஜத்துக்கு மேல் தெரிந்தாலும் 250 என்றே எழுத வேண்டும். இந்த அளவுகளிலிருந்து பார்வைக்குட்பட்ட பரப்பு கிடைக்கிறது. கணக்குக்காக 2,000 ஏக்கர் நிலம், 6 மைல் பாதை என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் சேர்த்துச் சராசரிப் பார்வை 130 கெஜம். 6 மைல் என்பது 10,560 கெஜம். அதை 130-ஆல் பெருக்கி, ஏக்கருக்கான 4,840 சதுர கெஜத்தால் வகுத்தால் சுமார் 284 ஏக்கர். மூன்று இரவுகளில் 52, 61, 56 மான்கள் தெரிந்தால் மொத்தம் 169. மூன்று இரவின் பரப்பு 851 ஏக்கர். ஆக 5 ஏக்கருக்கு ஒரு மான், நிலம் முழுவதற்கும் ஏறக்குறைய 400.

இந்த 400-ஐ வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. ஓக் கொட்டை உதிரும் வாரத்தில் மான் புதருக்குள்ளேயே இருந்துவிடும். பலத்த காற்றிலும் மழைக்குப் பிறகும் எண்ணிக்கை ஆடும். பாதை தீவனப் பெட்டிகளை ஒட்டிப் போனால் கணக்கு ஊதிப்போகும். ஒரே பாதையில், ஒரே மாதத்தில், ஆண்டுதோறும் எடுத்தால் ஏற்ற இறக்கம் நம்பத்தக்கதாக இருக்கும். தனி ஓர் ஆண்டின் எண் அவ்வளவு உறுதியானது அல்ல.

இரவில் ஆண், பெண், குட்டி என்று பிரிப்பது கடினம். ஆகவே அதே வாரங்களில் பகலில் தொலைநோக்கியோடு தனியாக ஒரு பதிவு நடக்க வேண்டும். அடையாளம் உறுதியானவற்றை மட்டும் எழுதி, குறைந்தது 100 மானாவது சேர்க்க வேண்டும். நம் கணக்கில் 1 ஆணுக்கு 4 பெண், 100 பெண்ணுக்கு 40 குட்டி என்று வந்தால், 400 மானில் ஆண் 60, பெண் 243, குட்டி 97.

எத்தனை சுடுவது

10 ஏக்கருக்கு ஒரு மான், 1 ஆணுக்கு 2 பெண் என்பது இலக்கானால், வேட்டைக்கு முந்தைய கணக்கில் ஆண் 50, பெண் 100, குட்டி 50 என 200 வர வேண்டும். 243 பெண்ணிலிருந்து 100-க்கு வர 143 சுட்டால் போதும் என்று தோன்றும். பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். இந்த ஆண்டின் 97 குட்டிகளில் பாதி பெண், அடுத்த ஆண்டு அவையும் பெண்மான் கணக்கில் சேரும். அதாவது ஆண்டுக்கு 49 பெண்மானைச் சுட்டாலும் மந்தை இருந்த இடத்திலேயே நிற்கும். ‘இந்தத் தடவை 40 பெண்மான் சுட்டோம்’ என்று பெருமையாகச் சொல்லும் நிலத்தில் மந்தை கூடிக்கொண்டிருக்கும்.

மூன்று பருவத் திட்டமாகப் போட்டால் இப்படி வரும். முதல் பருவத்தில் 100 பெண்மான் சுட்டால், மிச்சம் 143-உடன் 49 சேர்ந்து 192. அடுத்த ஆண்டும் 40 சதவீதக் குட்டி என்றால் 77 பிறந்து தப்பும், 38 பெண். இரண்டாம் பருவத்தில் 90 சுட்டால் 140. மூன்றாம் ஆண்டு தழை தேறிக் குட்டி விகிதம் 50 ஆகிறது என்போம்: 70 குட்டி, 35 பெண். அந்தப் பருவத்தில் 75 சுட்டால் 100-க்கு வந்துவிடும். மூன்று ஆண்டில் 265 பெண்மான். இதில் இயற்கைச் சாவைச் சேர்க்கவில்லை. வறட்சி வந்தால் குட்டி விகிதம் 20, 30-க்குச் சரியும், எத்தனை மான் சுடலாம் என்று தரும் வேட்டைச் சீட்டையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். ஆண்டுதோறும் மறுபடி எண்ண வேண்டியது இதற்காகத்தான்.

இத்தனை மானைச் சாதாரணப் பருவத்தில் சுட முடியாது. அந்த வட்டாரத்தின் பெரும்பாலான கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) ஒரு வேட்டைக்காரருக்கு 5 மான், அதில் ஆண் 2-க்கு மேல் கூடாது. ஆகவே நிலக்காரர்கள் மாநிலத்தின் நிர்வகிக்கப்பட்ட நில மான் திட்டத்தில் சேர்கிறார்கள். 2017-இல் இது இரு வகையாகப் பிரிக்கப்பட்டது. ஒன்றில் வேட்டைச் சீட்டு மட்டும். மற்றதில் துறையின் உயிரியலாளர் நிலத்துக்கு வந்து திட்டம் எழுதுவார், கணக்கெடுப்பும் வாழிட வேலைகளும் கட்டாயம். சீட்டு ஆளுக்கு அல்ல, நிலத்துக்கு வழங்கப்படும். பருவமும் செப்டம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிவு வரை நீளும். கணக்கெடுப்பு வீண்போகாது: 1995 முதல் வனவிலங்கு மேலாண்மைக்கும் விவசாய நில வரி மதிப்பீடு கிடைக்கிறது. அதற்கு வேண்டிய ஏழு வகை வேலைகளில் மூன்றைச் செய்ய வேண்டும், கணக்கெடுப்பும் அந்த ஏழில் ஒன்று.

பரணில்

பெண்மானைப் பருவத் தொடக்கத்திலேயே சுட வேண்டும். அக்டோபரில் போகும் ஒவ்வொரு மானும் குளிர்காலத் தழையை மற்றவற்றுக்கு மிச்சம் வைக்கிறது. ஜனவரியில் சுட்டால் அது தின்ன வேண்டியதையெல்லாம் ஏற்கெனவே தின்றிருக்கும். நவம்பரில் இணைசேரும் காலம் வந்துவிட்டால் குத்தகைக்காரர் கண்ணும் கொம்பை விட்டு நகராது. பெண்மான் ஒதுக்கீடு முடிந்த பிறகே கொம்பனுக்குச் சீட்டு என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிவிடும் நிலங்களில் வேலை நடக்கிறது. ‘முடிந்தால் சுடுங்கள்’ என்று விடும் இடங்களில் நடப்பதில்லை.

மிக அதிகமாக நேரும் தவறு, பிறந்து நாலைந்து மாதமான ஆண் குட்டியைப் பெண்மான் என்று சுட்டுவிடுவது. தனியாக முதலில் வெளியே வரும் கொம்பில்லாத மான் பெரும்பாலும் ஆண் குட்டிதான். ஆகவே ஒற்றை மானைச் சுடக் கூடாது. இரண்டு மூன்று சேர்ந்து நிற்கும்வரை காத்திருந்து ஒப்பிட வேண்டும். வளர்ந்த பெண்ணின் முகம் நீண்டிருக்கும், உடல் நீள்சதுரம். குட்டியின் முகம் குட்டை, உடல் சதுரம். ஆண் குட்டிக்குக் காதுகளுக்கு இடையே தலை தட்டையாக இருக்கும், கொம்பு வரும் இடத்தில் இரண்டு புடைப்பு. பெண்ணுக்கு அந்த இடம் உருண்டை. வெளிச்சம் மங்கினால் இது எதுவும் தெரியாது, துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும்.

மானுக்கு ரிம்ஃபயர் எனப்படும் சிறிய வகைத் தோட்டா சட்டப்படி கூடாது, .243 போன்ற ரைபிள் தோட்டாக்கள் போதும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறிவைக்க வேண்டும். பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுடுவதால் தோட்டா மண்ணில் போய்ப் புதையும், அது பாதுகாப்பு. ஒரே பரணில் தொடர்ந்து சுட்டால் மிச்சமுள்ள பெண்மான்கள் இரவில் மட்டும் வரக் கற்றுக்கொள்ளும். ஒரே நாளில் பல பரண்களில் ஆள் உட்காரவைத்து, பிறகு சில நாள் நிலத்தை அமைதியாக விடுவது நல்லது.

அக்டோபரில் அங்கே வெயில் 30 டிகிரியைத் தொடும். சுட்டவுடன் குடலை எடுத்து, 4 டிகிரிக்குக் கீழுள்ள குளிர் அறையில் தொங்கவிட வேண்டும். ஒரு பெண்மான் குடல் நீக்கியபின் 30 கிலோ அளவில் இருக்கும். 10 மான் என்றால் 300 கிலோ. குளிர் அறை இல்லாமல் பெரிய ஒதுக்கீடு போடுவது இறைச்சியை வீணாக்கும், அதை ஏற்கவே முடியாது. மிகுதியை ‘ஹன்டர்ஸ் ஃபார் த ஹங்கிரி’ என்ற இறைச்சி தானத் திட்டம் வழியாக உணவு வங்கிகளுக்குக் கொடுக்கலாம்.

ஒவ்வொரு மானுக்கும் எடை, தாடை, பால்மடி மூன்றையும் பதிய வேண்டும். கீழ்த்தாடையின் மூன்றாம் முன்கடைவாய்ப் பல் மூன்று முகடாக இருந்தால் அது பால்பல், மானுக்கு ஒன்றரை வயதுக்கு மேல் இராது. இரண்டு முகடுள்ள பல் வந்துவிட்டால் வயது கூடுதல், அதன்பின் கடைவாய்ப் பல்லின் தேய்மானத்தைப் பார்த்து வகைப்படுத்துவார்கள். பால் சுரக்கும் பெண்மான்களின் பங்கு குட்டி விகிதத்துக்கு இன்னொரு சாட்சி, ஆனால் பருவம் போகப்போகப் பால் வற்றிவிடும் என்பதால் தொடக்க வாரங்களின் பதிவையே நம்ப வேண்டும். ஒன்றரை வயது மான்களின் எடை ஆண்டுக்கு ஆண்டு கூடினால் திட்டம் சரியான வழியில் போகிறது.

கெடுப்பவை

தீவனப் பெட்டியில் கொட்டும் மக்காச்சோளத்தில் புரதம் 8, 9 சதவீதம்தான். அது மானை வரவழைக்கும், வளர்க்காது. விலையுயர்ந்த புரத உருண்டை வைத்தாலும், மிகுந்த மந்தையை உயிரோடு வைத்திருந்து, சுற்றியுள்ள நல்ல செடியை மேலும் மொட்டையடிக்கும். மந்தை குறைந்த பிறகே தீவனத்துக்குப் பொருள் உண்டு.

சாதாரண வேலியை மான் தாண்டும். 200 ஏக்கர்க்காரர் விட்டுவைத்த இளம் கொம்பன் பக்கத்து நிலத்தில் சுடப்படும், அவர் குறைத்த பெண்மானுக்கு ஈடாகப் பக்கத்திலிருந்து வரும். 8 அடி வேலி அடிப்பவர்களும் உண்டு, ஆனால் உள்ளே மிகுந்தால் வெளியேற வழியில்லாமல் நிலம் இன்னும் வேகமாக அழியும். அண்டை நிலக்காரர்கள் சேர்ந்து ஒரே ஒதுக்கீட்டைக் கடைப்பிடிப்பதே சிறு நிலங்களுக்கு மலிவான வழி.

டெக்சாஸில் 2012-இல் மேற்கு ஓரத்துக் கழுதைமான்களிலும் (மியூல் டியர் என்ற இன்னொரு மான் இனம்), 2015-இல் மெடினா கவுண்டியில் அடைத்து வளர்த்த வெள்ளைவால் மானிலும் நாள்பட்ட மெலிவு நோய் கண்டறியப்பட்டது. பிரியான் என்ற புரதத்தால் வரும் இதற்கு மருந்து இல்லை, மண்ணில் அது ஆண்டுக்கணக்கில் தங்கும். சுட்ட மானின் தொண்டை நிணநீர்க் கணுவைச் சோதனைக்குக் கொடுப்பதும், தலையையும் முதுகெலும்பையும் வேறு ஊருக்குக் கொண்டுபோகாமல் இருப்பதும் அவசியம். அடைப்பில் வளர்த்த மானை வாங்கி விடுவது கொம்பை மேம்படுத்தும் என்று நம்பி நோயை விலைக்கு வாங்குவதாகவே முடியும்.

இலக்கை எட்டிய பின்

மூன்றாம் பருவம் முடிந்ததும் பலர் பெண்மான் சுடுவதை நிறுத்திவிடுகிறார்கள். நம் 2,000 ஏக்கரில் 100 பெண்ணுக்கு 50 குட்டி என்றால், ஆண்டுக்கு 25 பெண்மான் சுட்டால்தான் மந்தை நிற்கும். தழை நன்றாகத் தேறினால் குட்டி விகிதம் 80 ஆகலாம். அப்போது 50 ஆண், 100 பெண்ணோடு 80 குட்டி சேர்ந்து மொத்தம் 230 ஆகிவிடும். 1-க்கு 2 என்ற விகிதம் மாறாமல் 200-க்குள் வைக்க வேண்டுமானால் ஆண்மான்களை 43-க்கும் பெண்மான்களை 87-க்கும் இறக்கி, அந்தப் பெண்மான்கள் ஈனும் 70 குட்டிகளில் பாதியான 35-ஐ ஈடுகட்ட ஆண்டுதோறும் 35 பெண்மான் சுட வேண்டும். நிலம் தேறத் தேறச் சீட்டு கூடும். அடுத்த குத்தகையை எழுதும்போதே இந்த எண்ணைப் பத்திரத்தில் சேர்த்துவிட வேண்டும்.